துருவில் பாதி

குழாய் மெக்கானிக்கின் ரத்தக்குழாய்கள் அவருடைய அறுபத்தோராவது வயதில் துருப்பிடித்தன. முதலில் கண்டுபிடித்தது மனைவிதான். எத்தனை முறை துவைத்தாலும் பனியனில் பழுப்புக் கறை போகவில்லை. "ஊர்க் குழாயெல்லாம் பாத்தீங்க, உங்க குழாயைக் கோட்டை விட்டுட்டீங்களே!" என்றாள். அவர் முழங்காலுக்குக் கீழே விரலால் தட்டிப் பார்த்து, உள்ளே அடைத்துத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்.

அதே மாதம் பாதத்தில் ஓர் ஆணி கீறியது, புண் ஆறவில்லை. மனிதர் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். குழாய் மூட்டில் கசிவுக்குச் சுற்றும் வெள்ளை டேப்பைக் கணுக்காலில் ஏழு சுற்று இறுக்கிச் சுற்றினார். கால் நீலமானது. டேப்பை வெட்டியெடுத்த டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். ரத்தக்குழாயின் உள்சுவர்ச் செல்கள் இளமையில் துருவை அன்றன்றே துடைத்துவிடும். வயதானால் துடைக்கிற கையும் தளரும், புதுக் கிளை விடுகிற தெம்பும் போய்விடும் என்று விளக்கினார். "பத்து நாள் பாப்போம். புதுசா குழாய் முளைக்கலைன்னா பாதத்தை எடுத்துடணும்."

மனைவி ஒன்பது நாள் அந்தப் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு திட்டினாள். திட்ட விஷயம் தீர்ந்ததும் அழுதாள். பத்தாம் நாள் காலையில் அவள் மணிக்கட்டிலிருந்து தலைமுடி அளவில் ஒரு சிவப்புக் குழாய் முளைத்து, மடியைக் கடந்து, புண்ணுக்குள் போயிருந்தது. இந்த வயதில் முளைக்க வாய்ப்பில்லையே என்று டாக்டர் குனிந்து பார்த்தார். பிறகு, ஓட்டம் நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டார். மூன்று வாரத்தில் புண் ஆறியது. குழாய் நான்கு முழம் வளர்ந்ததில் நடமாட்டத்துக்குச் சிரமமில்லை. கதவிடுக்கில் மட்டும் கவனம் வேண்டும். அவள் அவரோடு வேலைக்கும் போனாள், கேட்ட ஸ்பேனரைத் தவிர மற்றதையெல்லாம் எடுத்துக்கொடுத்தாள்.

ஆறாம் வருடம் துணி காயப்போடும்போது அவளுடைய ஜாக்கெட்டிலும் பழுப்புக் கறையைப் பார்த்தார். தன் பனியனில் கறை எப்படிப் போனது என்பது அப்போதுதான் உறைத்தது. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"என் துரு உனக்கு எதுக்கும்மா? வெட்டிடறேன்."

அவள் பட்டாணி உரிப்பதை நிறுத்தவில்லை. "பெரிய கண்டுபிடிப்பு! துவைக்கிறவளுக்குத் தெரியாதா? முழுசும் உங்களுக்குன்னா நீங்க சீக்கிரம் போயிடுவீங்க. நீங்க இல்லாம என்னால முடியாது, சொல்லிட்டேன். பாதிப் பாதின்னா சேந்தே கிழமாகலாம்."

அவள் கத்தரிக்கோலைப் பிடுங்கிப் பால் பாக்கெட்டை வெட்டி, டீ போட்டாள். முதல் வாய் அவள் குடித்தாள். சூடு அவருக்கும் இறங்கியது.