பலகையின் மறுமுனை

பதினான்காவது மாடியின் கைப்பிடிச் சுவர் விளிம்பில், கயிறு உராய்ந்து அறாமலிருக்கக் கோணியை மடித்துப் போட்டு, அதன் மேல் கயிற்றைக் கிடத்தி, மூன்றாம் முறையாக முடிச்சை இழுத்துப் பார்த்தான் அவன். கயிற்றில் தொங்கும் பலகையில் உட்கார்ந்து வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு வைத்த பெயர் அல்லேலூயா. இறங்குமுன் கண்ணை மூடி, எல்லோர் காதிலும் விழும்படி ஜெபிக்கிறவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த கதைதான். அவனும் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துவிடுவான். இதைவிட மோசமான பட்டப்பெயர்கள் இருக்கின்றன என்பது அவன் கட்சி.

எட்டு மாதத்துக்கு முன்பு, இதே ஆட்கள் வேலை செய்த வேறொரு கட்டடத்தில், அவனுடைய தம்பி கயிறு அறுந்து விழுந்து செத்தான். அன்று காலை தம்பியும் ஜெபித்துவிட்டுத்தான் இறங்கினான். அதற்குப் பிறகு இன்றுதான் அண்ணன் பலகையில் ஏற வந்திருக்கிறான். தம்பி மனைவி, குழந்தை எல்லாம் சேர்த்து வீட்டில் ஐந்து வயிறு. வேறு தொழிலும் தெரியாது.

மேஸ்திரி பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "உன் ஜெபத்தக் கேட்டா பசங்களுக்கு உன் தம்பி ஞாபகம் வருது. உன்கூட ஏற ஒருத்தனும் வரமாட்டேங்குறான். மனசுக்குள்ள கும்பிட்டுக்கோ. இல்லன்னா வீட்டுக்குக் கிளம்பு."

பலகைக்கு இரண்டு முனை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கால் வைக்க வேண்டும். ஒருவன் முந்தினால் சாய்ந்துவிடும். கூட ஆள் வராவிட்டால் வேலை இல்லை. உதட்டை மூடிக்கொண்டு ஜெபித்தால் என்ன குறைந்துவிடும், கடவுளுக்கென்ன காது மந்தமா? ஆனால் இன்று வாயை மூடினால், தம்பியோடு தம்பியின் நம்பிக்கையையும் புதைத்துவிட்டார்கள் என்று ஆகிவிடும். அதை நினைத்தபோது பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது.

"இத்தன நாள் வாய்விட்டுக் கும்பிட்டுட்டு, இன்னைக்கு மட்டும் ஒளிச்சு வைக்க முடியாது மேஸ்திரி."

தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்த, மீசை என்று எல்லோரும் கூப்பிடுகிறவர் சிரித்தார். வேலையில் மூத்தவர், வம்புக்கும் மூத்தவர். "உன் சாமி காப்பாத்துவாருன்னா சேஃப்டி பெல்ட்டு எதுக்குடா? கழட்டிட்டு எறங்கு பாப்போம்."

"கோபுரத்து மேல நிறுத்தி, 'குதி, தூதருங்க தாங்கிக்குவாங்க'ன்னு இயேசுகிட்டயே ஒருத்தன் சொல்லிப் பாத்தான்ணே. அவன் பேரு பிசாசு. அவன் வேலைய நீங்க ஏன் பாக்குறீங்க?"

எல்லோரும் மீசையைப் பார்த்துச் சிரித்தார்கள். அவருக்குச் சுருக்கென்றது. "வாய் மட்டும் நல்லா இருக்கு. உன் தம்பியும்தானே கும்பிட்டான்? அவர் ஏன் புடிக்கல?"

சிரிப்பு நின்றது. அவன் பெல்ட்டை இறுக்கிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தான்.

"தெரியாதுண்ணே. எட்டு மாசமா நானும் அதையேதான் கேக்குறேன், அழுதும் கேட்டேன், சண்ட போட்டும் கேட்டேன். ஆனா அவருகிட்டதான் கேக்குறேன், விட்டுட்டுப் போகல. போகவும் மாட்டேன். அன்னைக்குச் சுவர் விளிம்புல கோணி போடல. அவசரம்னு சொன்னது யாரு, சரின்னு தலையாட்டுனது யாருன்னு இங்க நிக்கிற எல்லாருக்கும் தெரியும். தலையாட்டுனதுல நானும் ஒருத்தன். நாம செஞ்சத அவர் தலையில கட்டாதீங்க."

மேஸ்திரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவன் சுவரைத் தாண்டி வெளி விளிம்பில் நின்று, கயிற்றைப் பிடித்தபடி கண்ணை மூடினான். வழக்கத்தைவிடச் சத்தமாகவே ஆரம்பித்தான். "ஆண்டவரே, இந்தக் கயிறு, இந்தப் பலகை, எல்லாம் உம்ம கையில. மேஸ்திரியக் காப்பாத்தும். வாய்த்துடுக்கு மீசை அண்ணனையும் காப்பாத்தும். என் தம்பி..."

அதற்கு மேல் குரல் வரவில்லை. காற்று மட்டும் அடித்தது. எதிர்ப்பக்கம் பெல்ட் கொக்கி மாட்டும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தான். பலகையின் மறுமுனையில் மீசை நின்றிருந்தார். தன் கயிற்றுக்கு அடியிலும் ஒரு கோணியை மடித்துச் செருகியிருந்தார். ஒரு காலைப் பலகைக்கு மேலே தூக்கி, வைக்காமல் அந்தரத்தில் வைத்திருந்தார்.

"என்னடா பாக்குற? முழுசாச் சொல்லி முடி. கால் மரத்துப் போகுது."