டோர்கா அக்காவின் படம்

என் அக்கா டோர்காவுக்கு நகர அருங்காட்சியகத்தில் சொந்தமாக ஒரு படம் இருந்தது. பத்திரம் பதிந்து வாங்கியதில்லை. ஆனால் அதைப் பற்றி அவள் பேசுகிற தோரணையைப் பார்த்தால் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவள் என்றுதான் நினைப்பீர்கள். மாடியில் மூன்றாவது அறை, ஜன்னலுக்கு எதிர்ச்சுவர். யாரோ ஒரு வியன்னாக்காரர் வரைந்த புனித டொரோத்யா. நீல அங்கி போட்ட இளம்பெண், கையில் ஒரு கூடை, கூடையில் ரோஜாக்களும் ஆப்பிள்களும்.

டோர்காவின் முழுப்பெயரும் டொரோத்யாதான். எங்கள் நாட்டில் நாள்காட்டியின் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு பெயர் உண்டு, அந்தப் பெயர் வைத்தவர்களுக்கெல்லாம் அன்று பெயர் நாள். பிறந்தநாளை மறந்தால் மன்னித்துவிடுவோம், பெயர் நாளை மறந்தால் வருஷம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வோம். டொரோத்யாக்களின் நாள் பிப்ரவரி மாதம், டிஸா ஆறு ஓரங்களில் உறைந்து கிடக்கும் காலத்தில் வரும். அன்றைக்கு அக்கா பட்டுக் கழுத்துத்துணி கட்டிக்கொண்டு தன் படத்தைப் பார்க்கக் கிளம்புவாள். என் பெயர் எர்ஷேபெத், எல்லோருக்கும் பொஷ்கெ. பொத்தானும் நூலும் விற்கிற கடை வைத்திருக்கிறேன். எனக்கென்று அங்கே எந்தப் புனிதவதியும் இல்லாததால், பக்கத்து அறையில் உள்ள, ஹாலந்துக்காரர் ஒருவர் வரைந்த சாப்பாட்டு மேஜைப் படத்தைப் பிடித்துக்கொண்டேன். பன்றித்தொடை இறைச்சி, பாதி தோலுரித்த எலுமிச்சை, கவிழ்ந்த கண்ணாடிக் கோப்பை. பார்த்தாலே நாக்கில் எச்சில் ஊறும். அதற்குப் போட்டியாக யாரும் வரவில்லை, நிம்மதி.

அக்காவின் உரிமையை அதிகமாக்கியவர் அத்தான் வெண்டெல். அவர் டிராம் ஓட்டுநர், அதிகம் பேசமாட்டார். கல்யாணம் நிச்சயமான வருஷம், தேதி கிழிக்கிற நாள்காட்டியின் பின்பக்கத்தில் டொரோத்யாவின் கதையைப் படித்திருக்கிறார். கடவுளை விட்டுக்கொடுக்காததற்காக அவளைக் கொல்லக் கூட்டிப்போகும்போது ஒருவன் கேலியாக, சொர்க்கத்திலிருந்து எனக்கு ரோஜாவும் ஆப்பிளும் அனுப்பு என்றானாம். கடுங்குளிரில், ஒரு பூவும் இல்லாத பருவத்தில், ஒரு குழந்தை வந்து மூன்று ரோஜாவும் மூன்று ஆப்பிளும் அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனதாம். இதைப் படித்த நாளிலிருந்து அத்தான் ஒவ்வொரு பெயர் நாளுக்கும் மூன்று ரோஜா, மூன்று ஆப்பிளோடு அருங்காட்சியகத்துக்கு அக்காவைக் கூட்டிப்போனார்.

அங்கே பூவும் பழமும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. ரோஜாக்களைக் கீழே மேலங்கி வாங்கி மாட்டுகிற பெண்மணியிடம் கொடுத்துவிடுவார், அவர் தண்ணீர்க் கூஜாவில் வைத்துக் காப்பாற்றுவார். ஆப்பிளை மட்டும் விடமாட்டார். மேலங்கியையும் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும் என்பதால் மூன்றும் கால்சட்டைப் பைகளுக்குள் போகும். அந்தக் கோலத்தில் அவர் மாடிப்படி ஏறுவதை நான் பலமுறை பின்னால் இருந்து பார்த்திருக்கிறேன். ஒருமுறை படத்துக்கு எதிரில் ஒரு ஆப்பிள் நழுவி, மரத்தரையில் கடகடவென்று உருண்டு, அறைக் காவலர் மார்த்தா அம்மாவின் நாற்காலிக்கு அடியில் போய் நின்றது. அந்த அம்மாள் அதை எடுத்து, துடைத்து, அக்கா கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் அந்த நாளில் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்காரப் பழகிக்கொண்டார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அத்தான் மாரடைப்பில் போனார். அக்கா கல்லறைக்கு அதிகம் போவதில்லை. அங்கே கல்தான் இருக்கிறது என்பாள். படத்துக்கு முன்னால் போய் நிற்பாள், வேலை முடிந்து வருகிற வழியில், சில சமயம் வாரத்துக்கு இரண்டு தடவை. அவள் நகரக் குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்குகிறவள், நாள் முழுக்கக் கத்துகிறவர்களோடு மல்லுக்கு நிற்பவள். அந்தப் படத்துக்கு முன்னால் மட்டும் அவள் குரல் இறங்கிவிடும். அவளுக்கு அத்தான் இருந்த இடம் அதுதான்.

போன வருஷம் படத்தைச் சுத்தம் செய்ய எடுத்துப்போனார்கள். சுவரில் வெறும் ஆணி. அக்கா அந்த ஆணிக்கு முன்னாலும் போய் நின்றாள் என்பதை மார்த்தா அம்மாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஜனவரியில் அருங்காட்சியகத்தில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஊர்க்காரர்கள் சிலர் தங்களுக்குப் பிடித்த படத்தின் பக்கத்தில் நின்று, ஏன் பிடிக்கும் என்று ஞாயிற்றுக்கிழமை மதியம் நாலு வார்த்தை பேச வேண்டும். ஏற்பாட்டைக் கவனிக்கிற கிங்கா, படிப்பை முடித்துப் புதிதாகச் சேர்ந்த பெண், தானே குடிநீர் அலுவலகத்துக்கு வந்து அக்காவைக் கேட்டாள். அக்கா ஒரு வாரம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டாள். அதற்கப்புறம் நான் கடையில் பொத்தான் எண்ணிக்கொண்டிருக்கும்போதெல்லாம் தொலைபேசியில் அழைத்து, அத்தானைப் பற்றி முதலில் சொல்லவா புனிதவதியைப் பற்றி முதலில் சொல்லவா என்று என் உயிரை எடுத்தாள்.

படம் திரும்பி வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் இருவரும் பார்க்கப் போனோம். நான் கதவிலேயே நின்றுவிட்டேன். பழுப்பேறிப் போயிருந்த அங்கி வானம் மாதிரி நீலமாக இருந்தது. கன்னத்தில் ரத்தம் ஓடியது. அவ்வளவு அழகு. அக்கா நேராகக் கூடையைப் பார்த்தாள்.

ஆப்பிள்கள் இல்லை. அழுக்குக்கு அடியில் சிவப்பாக, உருண்டையாகத் தெரிந்தவை எல்லாம் நன்றாகச் சுட்ட சின்னச் சின்ன ரொட்டிகள். மேலே கீறல் போட்டது கூடத் தெரிந்தது. ஒரு ரொட்டியின் ஓரம் இதழ் இதழாகப் பிரிந்து ரோஜாவாகிக்கொண்டிருந்தது. சுவரில் புதிய சீட்டு: புனித எர்ஷேபெத்.

எங்கள் ஊரில் அந்தக் கதை தெரியாத குழந்தை கிடையாது. ஏழைகளுக்குக் கூடையில் ரொட்டி மறைத்து எடுத்துப்போன இளவரசி எர்ஷேபெத்தை ராஜா வழிமறித்து, என்ன அது என்று கேட்க, ரோஜா என்று சொல்லிக் கூடையைத் திறந்தாள், ரோஜாவாகவே இருந்தது. ஆக அந்தப் படம் இத்தனை காலமும் அக்காவுடையது இல்லை, என்னுடையது. என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"பாத்தியாக்கா, அத்தான் இத்தன வருஷமா என் புனிதவதிக்குல்ல பூ கொண்டு வந்திருக்காரு," என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. கீழே போய் மேலங்கியை வாங்கி, பொத்தான்களைத் தாறுமாறாகப் போட்டுக்கொண்டு, வழக்கமாக நாங்கள் கஷ்கொட்டை இனிப்பு சாப்பிடும் கடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். பாலத்தின் பக்கம் நின்றாள்.

"அவரு என்னோட நின்ன இடம்னு எனக்கு அது ஒண்ணுதாண்டி மிச்சம். அதையும் தப்புன்னு எழுதி ஒட்டிட்டாங்க. நீயே வச்சுக்கோ, பொஷ்கெ. நான் இனிமே அங்க வரல."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கவலை இல்லை. கோபத்தோடுதான் எங்கள் இருவருக்கும் பழக்கம். அவள் அமைதியாகச் சொன்னாள்.

கிங்காவிடம் போய்ச் சீட்டையாவது ஒரு மாதம் மாற்றி வைக்க முடியாதா என்று கேட்டேன். அந்தப் பெண்ணுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. முடியாது என்றாள். அக்கா வேறு ஏதாவது படத்தைப் பற்றிப் பேசட்டும், எது வேண்டுமானாலும் என்றாள். நான் அதைப் போய்ச் சொன்னதற்கு அக்கா, இறைச்சிப் படத்தைப் பற்றி நீ பேசு, உனக்குத்தான் வாய் இருக்கிறது என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்கு உரிக்கப் போனாள். வாரம் முழுக்க அவள் அருங்காட்சியகத் தெரு வழியே வராமல் சந்தையைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். இளைத்துவிட்ட மாதிரி கூட எனக்குத் தோன்றியது. இதற்கு மேல் பொறுக்க முடியாது என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளை எப்படியோ கிளப்பினேன். பல் மருத்துவர் பேசப் போகிறார், அவரிடம் உனக்குத்தான் அடுத்த வாரம் வேலை இருக்கிறதே, போகாவிட்டால் தப்பாக நினைப்பார் என்று பயமுறுத்தினேன். கடைசி வரிசையில் உட்காருவேன், வாயைத் திறக்கமாட்டேன் என்ற நிபந்தனையோடு வந்தாள்.

நல்ல கூட்டம். அறைக்கு அறை எல்லோரும் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தோம். பல் மருத்துவர், சந்தையில் ஒருவன் பல் பிடுங்குகிற படத்துக்குப் பக்கத்தில் நின்று, இவன் குறடு பிடித்திருக்கும் விதம் சரி, ஆனால் நோயாளியின் மனைவியை இவ்வளவு பக்கத்தில் நிற்க விட்டிருக்கக் கூடாது என்றார். மீன்கடைக்காரி ஒருத்தி வெனிஸ் கால்வாய்ப் படத்தைக் காட்டி, அந்தத் தண்ணீரின் நாற்றம் தனக்கு இங்கேயே வருகிறது, அதனால்தான் பிடிக்கும் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் மடியில் கையைக் கோத்துக்கொண்டு இருந்தாள்.

மூன்றாவது அறைக்கு வந்தோம். இந்தப் படத்தைப் பற்றிப் பேசுவதாக இருந்தவர் பேசவில்லை என்று கிங்கா சொல்ல வாயெடுப்பதற்குள் நான் எழுந்து படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கடையில் எவ்வளவு பேசினாலும் அது வேறு.

என் பெயர் எர்ஷேபெத், இது என் படம், ஆனால் நான் சொல்லப் போவது என் அத்தான் வெண்டெலைப் பற்றி என்று ஆரம்பித்தேன். அவர் ஒவ்வொரு வருஷமும் என் அக்காவுக்கு இங்கே மூன்று கார்னேஷன் பூ கொண்டு வருவார் என்றேன். எனக்குத் தெரியாதா ரோஜா என்று? வேண்டுமென்றேதான் சொன்னேன். நாள் முழுக்க ஊராரின் தப்பைத் திருத்திச் சம்பளம் வாங்குகிறவள், பார்க்கலாம் எவ்வளவு நேரம் தாங்குகிறாள் என்று.

கடைசி வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது.

தன் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு ஆப்பிளைப் பையில் போட்டுக்கொண்டு வருவார் என்றேன்.

"மூணு," என்றாள் அக்கா. "கோட்டு பழுப்பு. பூவும் ரோஜா."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உள்ளுக்குள் துள்ளியது. நான் காதில் விழாதது போல, உருண்ட ஆப்பிளை மார்த்தா அம்மாள் பறிமுதல் செய்துவிட்டார் என்று சொல்லி வைத்தேன். ஜன்னல் பக்கமிருந்து மார்த்தா அம்மாளே நான் எங்கே பறித்தேன் என்று குரல் கொடுத்தார். திருப்பித்தான் கொடுத்தார் என்று அக்கா எழுந்தே நின்றுவிட்டாள். பல் மருத்துவர் நகர்ந்து வழிவிட்டார். அவள் நடந்து என் பக்கத்தில் வந்து, உனக்கு ஒன்றுமே ஒழுங்காகச் சொல்ல வராதா என்று என்னை முறைத்தாள்.

அவள் வந்துவிட்டாள், என் வேலை முடிந்தது. முடித்துக்கொள்ளலாம் என்று, மனதாரச் சொன்னேன்: "அத்தானுக்கு இந்தப் படம்னா அவ்வளவு உயிர்."

"உயிரா?" என்றாள் அக்கா. "அவரு இந்தப் படத்த ஒரு தடவ கூட ஒழுங்காப் பாத்ததில்லடி."

இது நான் போட்ட தூண்டில் இல்லை. நான் நிஜமாகவே நம்பிச் சொன்னது. அவள் கூட்டத்தைப் பார்த்து, புகார் மேஜையில் பேசுகிற அதே அழுத்தத்தோடு பேசினாள்.

ஒரு தடவை இனிப்புக் கடையில் உட்கார்ந்து, அங்கி என்ன நிறம் சொல்லு என்று அவரைக் கேட்டாளாம். பச்சை என்றாராம். இன்னொரு வருஷம் கூடையில் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, ஏதோ காய்கறி என்றாராம். பையில் ஆப்பிளைச் சுமந்துகொண்டு வந்த மனுஷன். அன்றைக்கு அவள் வீடு வரைக்கும் அவரோடு பேசவில்லையாம். கூட்டம் சிரித்தது, அக்காவும் கொஞ்சம் சிரித்தாள்.

"நான் பாட்டுக்கு அந்தக் கத, இந்தக் கலர்னு சொல்லிக்கிட்டே இருப்பேன். திரும்பினா என்னயவே பாத்துக்கிட்டு நிப்பாரு. படத்தப் பாருய்யான்னு முழங்கையால இடிப்பேன். பாத்தாச்சு, பாத்தாச்சும்பாரு. நகரவே மாட்டாரு. நான்..."

அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். தான் என்ன சொன்னோம் என்பது அவள் காதிலேயே அப்போதுதான் விழுந்தது போலிருந்தது. வாய் பாதி திறந்தபடி இருந்தது. பிறகு முகம் மெல்ல மெல்லச் சிவந்தது, கழுத்துத்துணி வரைக்கும், கல்யாணப் பெண் மாதிரி. என் அக்காவை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது, ஆனால் அந்த நேரத்தில் அவள் என்னோடு இல்லை.

கிங்கா மெதுவாகக் கேட்டாள், அப்படியானால் படத்தில் இருப்பவள் வேறொருத்தி என்று ஆனதில் உங்களுக்கு வருத்தம் இல்லையா என்று.

"அவ யாரா இருந்தா என்னம்மா," என்றாள் அக்கா. "அவரு வந்தது என்னப் பாக்க."

யாரும் கை தட்டவில்லை. மார்த்தா அம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டார். அடுத்த அறைக்குப் போக வேண்டிய நேரம் கடந்துகொண்டிருந்தது, ஒருவரும் நாற்காலியை மடக்கவில்லை. புதிதாகத் துலக்கிய அந்த நீலம் சுவரில் அத்தனை பிரகாசமாக இருந்தும், நாங்கள் எல்லோரும் என் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.