மண்ணில் ஊற்றிய டங்ஸ்டன்

போஞ்சி என்கிற பீன்ஸ் செடியொன்றை வேரோடு பிடுங்கி, வேரில் ஒட்டியிருந்த முடிச்சை நகத்தால் கிள்ளிப் பிளந்தாள் ஜெயந்தினி. உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறிப் பச்சையாக இருந்தது. இன்னொன்றும் அப்படித்தான். அந்த வரிசை முழுக்க இலைகள் மஞ்சளடித்துத் தொங்கின. அதே மண்ணில், அதே மழையில் பக்கத்து வரிசை கம்பேறிக் கரும்பச்சையாய் நின்றது.

மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே இருக்கும் இந்தத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், லயத்தில்தான் அவள் பிறந்தாள். லயத்துக்குப் பின்னால் இருக்கும் துண்டு நிலங்களில், கொழுந்து பறித்துவிட்டு வந்த களைப்போடு பெண்கள் போஞ்சி போட்டிருந்தார்கள். பல்கலைக்கழகத்தில் அவளை ஆய்வு உதவியாளராக வைத்திருக்கும் டொக்டர் மதுரன் பரிசோதனைக்கு இடம் தேடியபோது, அவள்தான் வீடு வீடாகப் போய்ப் பேசினாள். இரண்டு போத்தல்கள் தந்தார். ஒன்றில் மொலிப்டினம் கரைசல். போஞ்சியின் வேர் முடிச்சில் வாழும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்கு ஊட்ட அது வேண்டும்; தேயிலை மண்ணின் புளிப்பில் அது சரியாகக் கிடைப்பதில்லை. மற்றதில் வெறும் தண்ணீர் என்றார். வரிசைக்கு ஒன்றாக அவளே ஊற்றினாள்.

வெறும் தண்ணீருக்குச் செடி இப்படியா வாடும்? எதுவுமே ஊற்றாத ஓரத்துச் செடிகள்கூட இதைவிட நன்றாக இருந்தன. அங்கே நின்றபடியே டொக்டருக்குப் போன் எடுத்தாள்.

"ரெண்டாவது போத்தல்ல என்ன இருந்திச்சு சேர்?"



"டங்ஸ்டன். மொலிப்டினம் மாதிரியேதான். பற்றீரியாவுக்கு லேசில வித்தியாசம் தெரியாது. எடுத்து நொதியத்தில வச்சுக்கொள்ளும், நொதியம் வேலை செய்யாது. இந்த மண்ணில இருக்கிற பற்றீரியா ரெண்டையும் பிரிச்சு எடுக்குமா எண்டுதானே பாக்கிறம்."

"எங்கிட்ட தண்ணின்னு சொன்னீங்களே?"

"உண்மையச் சொல்லியிருந்தா நீர் அவையளுக்குச் சொல்லியிருப்பீர்."

 வீடு வீடாகப் போய் அவள் சிரித்த சிரிப்பெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை டொக்டரின் வேன் லயத்து வாசலில் வந்து நின்றது. வாடிய செடிகளைப் பற்றிக் கேட்கப் பெண்கள் கூடினார்கள். ஜெயந்தினியின் அம்மா மீனம்மா முன்னால் நின்றாள்.

"இது ஒரு நோய், அம்மா," என்றார் டொக்டர் கனிவாக. "மழை கூடிப் போச்சு. பயப்பட ஒண்டுமில்லை."

"பொய்," என்றாள் ஜெயந்தினி.

டொக்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"நோயும் இல்ல, மழையும் இல்லம்மா. ஒரு போத்தல்ல இருந்தது தண்ணி இல்ல, டங்ஸ்டன். செடிக்குத் தீனி குடுக்கிற பூச்சி அத மொலிப்டினம்னு நெனச்சு எடுத்துக்கிட்டு செடிய பட்டினி போட்ருச்சு. இவருக்கு இது தெரியும். தெரிஞ்சேதான் என் கையால ஊத்த வச்சாரு."

 மீனம்மா கேட்டாள்.

"நாங்க அந்தக் காயத் தின்னோமே, பாப்பா. நேத்தும் கறி வச்சேன்."

"சின்ன அளவுதான், ஒண்டும் செய்யாது," என்றார் டொக்டர் அவசரமாக.

"அத எங்க பாத்தீங்க சேர்? எந்த ஆய்வுல?"

அவர் வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்தினார். டிரைவர் இஞ்சினைப் போட்டான்.

முதலில் போனது யாரென்று ஜெயந்தினி கவனிக்கவில்லை. பெண்கள் போஞ்சி நிலங்களுக்குள் இறங்கினார்கள். மஞ்சளடித்த செடிகளை வேரோடு பிடுங்கி, ஈரமண் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து வேனின் டயருக்கு முன்னால் போட்டார்கள். இஞ்சின் நின்றது.

கடைசியாக வந்தாள் மீனம்மா. அவள் கை நிறைய வேரும் மண்ணுமாய்க் கரும்பச்சைக் கொடிகள், காய் பிடித்தவை.

"அம்மா, அது நல்ல செடிம்மா!"

"நல்லதுன்னு சொன்னது யாரு?" என்றாள் மீனம்மா. "அவரு தானே?"

கொடிகளைத் தூக்கி வேனின் முன்கண்ணாடியில் எறிந்தாள். பிஞ்சுக் காய்கள் உடைந்து வழுக்கின. உள்ளேயிருந்து டிரைவர் வைப்பரைப் போட, அது ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டு, மண்ணை இப்படியும் அப்படியுமாகக் கண்ணாடி முழுக்கப் பூசத் தொடங்கியது.