நிஹ்லாவின் எலித்தீனி

"என்ட பிரிஜ்ஜில பண்டிக் கொழுப்பா?"

"மெல்லக் கதைங்க உம்மா. கீழ் மாடிக்கும் கேக்கும்."

"கேக்கட்டும். எலிக்குப் பாண் குடுத்தா தின்னாதா?"

"சீல் பண்ணின டின் உம்மா. கையுறை போட்டுத்தான் தொடுற."

"கைக்கு உறை. மூச்சுக்கு?"

கொழும்பு கொம்பனித்தெருவில் பழைய வீடுகளை இடித்துக் கட்டிய மாடியில், பதினோராம் தளத்தின் மூன்று கதவுகள் காற்று வாங்கத் திறந்துகொண்டன. அடுத்த வெள்ளி ஜும்ஆவுக்குள் சங்கதி வெள்ளவத்தையில் இப்ஹாமின் தாயிடம் போய்ச் சேர்ந்தும்விட்டது. நிஹ்லாவை மகனுக்குப் பேசி வைத்திருந்த அந்த மனுசி நாகரிகமாகத்தான் சொன்னாள்: "டிகிரி முடியட்டும், பொறகு பாப்பம்."

அந்த டிகிரியோ எலிகளின் வயிற்றில் இருந்தது. பாதி எலிகளுக்குத் தேங்காயெண்ணெய் கலந்த தீனி, பாதிக்குப் பன்றிக்கொழுப்பு கலந்தது, அளவு ஒன்றே. கடைசியில் எந்த எலியின் உடம்பில் கொழுப்பு அதிகம் சேர்ந்திருக்கிறது என்று அறுத்து நிறுக்க வேண்டும். ஆய்வுகூடத்துப் பிரிஜ் பழுதாகிப் போக, நிஹ்லா யாரிடமும் கேளாமல் டின்னை வீட்டுக்குக் கொண்டுவந்து தீனி கலந்தாள். அது கேம்பஸ் விதிக்குப் புறம்பு.

உம்மா ருக்கியா யோசித்தாள். டின்னை வீசினால் மகளின் படிப்புப் போகும். வைத்திருந்தால் வீடு வீடாயிராது. மகள் கேம்பஸ் போனதும் கையுறை மாட்டி, பிஸ்மி சொல்லி, கொழுப்பை வழித்துக் குப்பைக்கு அனுப்பினாள். டின்னை ஏழு தண்ணீரில் கழுவி வாசமில்லாத வெள்ளைத் தேங்காயெண்ணெயை ஊற்றினாள். பின்னேரம் பிரிஜ்ஜில் அது வெள்ளை வெளேரென்று உறைந்து கிடந்தது. எண்ணெய் எண்ணெய்தானே, எலி எலிதானே. புது டின் வரும்போதெல்லாம் இதே வேலை. முகமூடி கட்டித் தீனி கலக்கிய நிஹ்லாவுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

மாதங்கள் போய் எலிகளை அறுத்தபோது, இரண்டு கூட்டமும் கூடப்பிறந்தவை போல ஒரே கொழுப்போடு இருந்தன. ஆய்வை மேற்பார்த்த சந்திரகுமார் சேர் மிச்சத் தீனியைச் சோதிக்க அனுப்பினார். இரண்டிலும் தேங்காயெண்ணெய்.

அவர் ஏசியிருந்தால்கூட நிஹ்லாவுக்கு மனம் ஆறியிருக்கும். அவர் தணிந்த குரலில், "தொட ஏலாதெண்டா முதலே சொல்லியிருக்கலாம், பிள்ளை. நான் விளங்கிக்கொண்டிருப்பன். பொய்தான் எனக்குச் சரிவராது" என்றார். ஆய்வை நிறுத்திவிட்டார்.

வீட்டுக்கு வந்து அவள் இதைச் சொன்னதும் ருக்கியா ஒளிக்கவில்லை.

"நான்தான் மாத்தின. உன்ட கை சுத்தமா ஈக்கணும் எண்டுதான் மகள்."

ருக்கியா அபாயாவை எடுத்தாள். "வா, சேருக்கிட்ட நானே செல்லுற."

"என்னண்டு? தீனி எங்கட குசினியில கலந்த எண்டா? அதுக்கே கேம்பஸால வெரட்டுவாங்க. இப்ப பொய்காரி மட்டும்தான். இருங்க உம்மா."

ருக்கியா அபாயாவோடு கதிரையில் இருந்தாள். கதவுகளைத் திறந்து வைத்துக் காத்திருந்த அயலுக்கு ஒரு சொல்லும் கிடைக்கவில்லை.

எலிக்கூடுகளையும் ஆய்வுத் தலைப்பையும் துஷாந்தினி என்ற பிள்ளைக்குக் கொடுத்தார்கள். அவள் பட்டம் வாங்கி ஆஸ்திரேலியா போனாள். இப்ஹாம் தெஹிவளையில் மருந்துக்கடைக்காரர் மகளை நிக்காஹ் செய்தான். நிஹ்லாவைக் குருநாகலில் போன் கடை வைத்திருக்கும், முதல் மனைவியை இழந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். என்ன படித்தாள் என்று அவர் இதுவரை கேட்டதில்லையாம். பெருநாளைக்கும் அவள் கொழும்புப் பக்கம் வருவதில்லை.