மாஸ்டர் காரில் ஒட்டிய நூல்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. காற்று எங்கே முட்டுகிறது என்று தெரிந்துவிட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்று, மனைவியின் கம்பளி நூலைத் துண்டு துண்டாக வெட்டிக் கார் முழுக்க ஒட்டியிருந்தார். ஏற்கெனவே காரின் அடிப்பக்கத்தைத் தகட்டால் மூடியாயிற்று. காற்று முட்டும் இடத்தில் நூல் ஆடும்; அதைப் பார்க்க, காரை மனைவி ஓட்ட, இவர் மச்சானின் வேனில் ஏறிப் பின்தொடர்ந்தார்.

நூல்களெல்லாம் வாரிவிட்ட தலைமுடிபோலப் படிந்து கிடந்தன. கூரையில் நின்ற 'மாஸ்டர் டிரைவிங் ஸ்கூல்' பலகைக்குப் பின்னால் இருந்தவை மட்டும் பேயாட்டம் ஆடின.

"மாமா, எதிரி உங்க பேருலயே உக்காந்திருக்கான்!" மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான்.

ஆசை ஆசையாக எழுதி வாங்கிய பலகை. மாஸ்டரின் முகம் ஒரு கணம்தான் சுண்டியது. காரை நிறுத்தச் சொல்லி, ஸ்பேனரோடு பாய்ந்து தானே கழற்றினார். மறுபடி ஓட்டியபோது அந்த நூல்களும் சொன்ன பேச்சு கேட்டன.

"அடங்கிடுச்சு! எல்லாம் அடங்கிடுச்சு!" வேனிலிருந்து குதித்து ஓடிவந்தார் மாஸ்டர்.

"அது சரி, போர்டு இல்லாம, ஓட்டக் கத்துக்க வர்றவங்க நம்ம காரை நாளைக்கு எப்படி அடையாளம் கண்டுபிடிப்பாங்க?" என்றாள் மனைவி.

"உடம்பெல்லாம் மயிர் மொளச்சு நிக்கிற கார் இந்த ஊருல வேற யாருகிட்ட இருக்கு? ஒரு நூலையும் பிச்சிராத!"