பாதித் தம்ளர்

பீரோவின் மேல்தட்டில் அப்பாவின் அடையாள அட்டையைத் தேடிக்கொண்டிருந்தவள் கையில் இன்ஹேலர்தான் முதலில் அகப்பட்டது. குலுக்கிப் பார்த்தாள். காலி. திங்கட்கிழமை அவளே ஆஸ்பத்திரி மருந்தகத்திலிருந்து வாங்கி வந்தது. ஒரு மாதம் வர வேண்டியது நாலே நாளில் தீர்ந்திருந்தது.

அப்பா முன்னறையில் கிடந்தார். காலை ஆறு மணிக்கு மூச்சு நின்றது. ஏழு மணிக்கு வந்த டாக்டர் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இளைப்பு முத்திடுச்சும்மா. வயசும் ஆச்சு. மருந்து கேக்கிற கட்டத்தை உடம்பு தாண்டிருச்சு" என்றார். அவளும் தலையாட்டினாள். ஆனால் மனசு ஒப்பவில்லை. முப்பது வருஷத்து இளைப்பு அது. இத்தனை வருஷமும் சொன்ன பேச்சைக் கேட்டது, இந்த மூன்று வாரமாக மட்டும் ஏன் கேட்கவில்லை? மருந்து கொடுப்பதையே பிழைப்பாகக் கொண்டவளுக்கு அந்தக் கேள்வி செருப்புக்குள் புகுந்த கல்லாக உறுத்தியது.

வீடு இன்னும் இளைத்துக்கொண்டிருந்தது. ஃப்ரிட்ஜ் ஓடினால் அப்பாவின் மூச்சு. குழாயைத் திறந்தால் அப்பாவின் மூச்சு. எதிர்வீட்டு அக்கா டீக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தபோது கெட்டிலுக்குள்ளிருந்து அதே விசில் சத்தம் எழுந்தது. ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். அம்மா ஞாயிறு தவறாமல் பிரார்த்தனைக் கூடத்துக்குப் போகிறவள். "எல்லாரையும் மேல அனுப்பறதுதான் என் தொழிலும். ஆனா நான் பத்திரமா திருப்பிக் கீழ கொண்டுவந்து விட்ருவேன். உன் ஆண்டவனுக்கு அந்த வித்தை தெரியாது" என்று அப்பா வம்புக்கு இழுப்பார். அம்மா காதில் விழாத மாதிரி இருப்பாள். கூடத்துப் பெரியவர் கைவைத்துக் கொடுக்கும் தண்ணீரை ஒரு பெரிய பாட்டிலில் பிடித்து வருவாள். தினமும் காலையில் ஒரு தம்ளர். ஒரு வாரத்துக்கு வரும்.

முன்னறைத் திரைக்கு அந்தப் பக்கம் அம்மா பேசுவது கேட்டது.

"மூணு வாரமா கூடத்துத் தண்ணிய அவருக்கும் குடுத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு தம்ளரை ஆளுக்குப் பாதி. எனக்குக் கேட்ட தண்ணி அவருக்குக் கேக்காமலா போகும்னு நெனச்சேன்."

"அவரு குடிச்சாராக்கா? அவருக்குத்தான் இதெல்லாம் கண்டாலே ஆகாதே!" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

"மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டே குடிச்சாரு. 'ஏன், உன் ஆண்டவன் வீட்ல சர்க்கரைத் தட்டுப்பாடா?'ன்னு கேட்டாரு. ஆனா நான் கையில குடுத்தா வேண்டாம்னு சொல்ல மாட்டாரு."

பீரோக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு நாலு வயதில் விஷக் காய்ச்சல் வந்து, பிழைக்க மாட்டாள் என்று கைவிட்டுவிட்டார்கள். 'பிள்ளையக் குடுத்துடு, இனிமே என் உடம்புக்கு மாத்திரை தொட மாட்டேன்' என்று அம்மா கூடத்தில் நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தது, வளர்ந்தது, மருந்தாளுநர் படிப்பே படித்தது. ஆண்டவனாவது தண்ணீராவது என்று வீட்டில் உரக்கப் பேசியது. அம்மாவுக்கு நெஞ்சு தாறுமாறாக அடிக்க ஆரம்பித்து, மாத்திரை போடாவிட்டால் ஆபத்து என்று டாக்டர் சொன்னபோதும் அம்மா அசையவில்லை. அவள் கெஞ்சினாள், கத்தினாள், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் பார்க்காத நேரம், ஒரு வாரத்து மாத்திரையைப் பொடித்து அந்தப் பாட்டிலில் கரைத்தாள். எட்டு மாதமாக அதுதான் நடக்கிறது. படபடப்பு அடங்கியதும் அம்மா கூடத்தில் எழுந்து நின்று, நெஞ்சு குணமானதற்கு நன்றி என்று எல்லார் முன்னாலும் சாட்சி சொன்னாள். மகள் வாயை மூடிக்கொண்டு தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டாள்.

அந்த மாத்திரை நெஞ்சை அடக்கும், ஆனால் இளைப்புக்காரர்களின் மூச்சுக்குழாயை நெரித்துவிடும். போதாக்குறைக்கு இன்ஹேலர் மருந்தையும் வேலை செய்ய விடாது. 'வீட்ல இளைப்பு உள்ளவங்க யாரும் தெரியாம எடுத்துடப் போறாங்க, பாத்துக்கங்க' என்று கவுன்ட்டரில் கிளிப்பிள்ளை மாதிரி ஒவ்வொருவருக்கும் சொல்லித்தான் அவள் அதைக் கொடுப்பாள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால், 'மறுபடி லேசா படபடக்குதுடி' என்றாள் அம்மா. தண்ணீரில் பாதி அப்பாவுக்குப் போவது இவளுக்குத் தெரியாது. நோய்தான் ஏறியிருக்கிறது என்று கணக்குப் போட்டு மாத்திரையை இரட்டிப்பாக்கினாள். அதற்குப் பிறகுதான் அப்பாவால் படுக்கவே முடியாமல் போனது. தலையணை மேல் தலையணையாக அடுக்கி, உட்கார்ந்தபடியே தூங்கினார். அவள் இன்ஹேலருக்கு மேல் இன்ஹேலராக வாங்கி வந்து நீட்டினாள்.

தான்தான் அப்பாவைக் கொன்றோம் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றிய பிறகு அது போகவில்லை.

அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும். அப்பாவை எடுப்பதற்கு முன்பே சொல்ல வேண்டும். இரண்டு முறை பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். முதல் முறை அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் உள்ளே வந்தார்கள். இரண்டாவது முறை யாரும் வரவில்லை, வாய்தான் வரவில்லை. மதியம் அப்பாவைக் கொண்டுபோனார்கள். வண்டியின் கதவைச் சாத்தும்போது உஸ்ஸென்று காற்று இறங்கியது. அவளுக்கு மட்டும்தான் அது கேட்ட மாதிரி இருந்தது.

சாயங்காலம் எதிர்வீட்டு அக்காவும் போன பிறகு அம்மா கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அருகில் போனாள்.

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"தண்ணியில மாத்திரை போட்டதா?" என்றாள் அம்மா.

அவள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

"மொத வாரமே தெரியும்டி. முப்பது வருஷமா குடிக்கிற தண்ணி திடீர்னு ஒருநாள் கசந்தா தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏம்மா குடிச்சே?"

"மாத்திரை தொட மாட்டேன்னுதான் நேர்ந்துக்கிட்டேன். தண்ணி குடிக்க மாட்டேன்னு நேர்ந்துக்கலையே." அம்மாவின் உதட்டோரம் ஒரு நொடி அசைந்தது. "பெத்த பொண்ணு எவ்வளவு கத்தினே. உன்னையும் வருத்த மனசில்ல, அவன்கிட்ட குடுத்த வாக்கையும் மீற மனசில்ல. நீ ஒரு கை வைக்கிறே, அவன் ஒரு கை வைக்கிறான், நமக்கு என்ன கொறைச்சல்னு இருந்துட்டேன். கூடத்துல எந்திரிச்சு சொன்னேனே, அது பொய்யில்ல. ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் நன்றி சொன்னேன்."

அவள் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள்.

"அவ்வளவு நல்லது பண்ணுதே, அவருக்கும் பண்ணட்டுமேன்னுதான் குடுத்தேன்." அம்மாவின் குரல் இறங்கியது. "காலையிலிருந்து உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருக்கேன். அது அவருக்கு ஆகாத மருந்தாடி?"

நான்தான் காரணம் என்று சொல்வதற்காகப் பகல் முழுக்கச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். ஆனால் தம்ளரை நீட்டியது அம்மாவின் கை. வேண்டாம் என்று சொல்லாத மனுஷனிடம் நீட்டியது. உண்மையைச் சொன்னால் அது அவளைச் சுட்டுவிட்டு நேரே அம்மாவிடம்தான் போகும். பாழாய்ப்போன உண்மையை வைத்துக்கொண்டு அம்மா எப்படிச் சோறு தின்பாள், எப்படி அந்தக் கூடத்துப் படி ஏறுவாள்?

"இல்லம்மா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. சாதாரண மருந்து அது."

"நெஜமாவா?"

"நெஜமா."

அம்மா அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆண்டவன் சத்தியமா" என்றாள் அவள்.

விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் வாயில் வராத வார்த்தை அது. பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்கியபோதுகூட வரவில்லை. அம்மா வெகுநேரம் அவளையே பார்த்தாள்.

"சரி" என்றாள் பிறகு.

காலை மேலே தூக்கி வைத்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சற்றுக் கழித்து, திரும்பாமலே ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டினாள். அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விரல் தானாக மணிக்கட்டுக்குப் போனது. நாடி தடதடவென்று, இடறி இடறி ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்கு அம்மாவுக்கு யாரும் எதுவும் கொடுத்திருக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.