எந்திரத்துக்கு வைத்த பொட்டு

திண்டிவனத்துப் புற்றுநோய் மருத்துவமனையில் மருந்து கலக்கும் எந்திரம் வந்து இறங்கிய நாளிலிருந்து வேங்கடேசனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவர் அங்கே மருந்தாளர்; எந்திரத்துக்குப் பொறுப்பும் அவர்தான். விழுப்புரத்திலிருந்து ரயிலில் வரும்போதெல்லாம் கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் அதன் பெருமையை அளப்பார்.

"மருந்து பாட்டில் மேல இருக்கிற பார்கோட அதுவே படிச்சிக்கும். எந்த மருந்து, யாருக்குன்னு பார்த்துத்தான் கலக்கும். மனுசன் பண்ற தப்பு அதுகிட்ட நடக்காது."

மனுசன் என்று அவர் சொன்னது மற்றவர்களை. தன்னை அந்தக் கணக்கில் அவர் சேர்த்ததே இல்லை.

ஆயுத பூஜை வந்தது. விடுவாரா? எந்திரத்தின் வெளிப்பக்கத்துக்கு மாலை போட்டு, நாலு மூலையிலும் சந்தனம் குங்குமம் வைத்தார். பாட்டில் நுழையும் வாசலுக்கு மேலே சின்னக் கண்ணாடி ஒன்று நெற்றி மாதிரி பளபளத்தது. அங்கேயும் கட்டைவிரலால் அழுத்தி ஒரு பொட்டு. தள்ளி நின்று பார்த்தபோது மனசு குளிர்ந்துபோயிற்று.

விடுமுறை முடிந்து வேலை தொடங்கிய காலையில், எந்திரம் ஒரு லேபிளைக்கூடப் படிக்கவில்லை. வேங்கடேசன் காகிதத்தைத் திட்டினார், பிரிண்டரைத் திட்டினார், வாங்கிப்போட்ட நிர்வாகத்தையும் திட்டினார். கம்பெனி இன்ஜினியர் போனில், "கண்ணாடிய ஒருவாட்டி தொடச்சிப் பாருங்க சார்" என்றான். அவருக்குச் சுருக்கென்றது. பொறுப்பாளரிடம் பேசுகிற பேச்சா இது? போனை வைத்துவிட்டார்.

வார்டில் கெடார் கிராமத்திலிருந்து வந்த அம்மணி என்ற நோயாளி காத்திருந்தார். ரத்த அணு குறைந்து அவருக்கு ஏற்கெனவே ஒருமுறை மருந்து தள்ளிப்போயிருந்தது. இன்னொருமுறை தள்ளினால் கட்டி மறுபடி தலைதூக்கும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"கையாலயே கலந்துடறேன்" என்றார் வேங்கடேசன்.

"அப்ப ரெண்டாவது ஆளு கூட நின்னு பார்க்கணும் சார். நான் வர்றேன்" என்றாள் நர்ஸ் ஜெசிந்தா.

"எனக்கு எதுக்கும்மா காவலு? நீ போய் அவங்களப் பாரு."

அம்மணிக்கு ஒரு பை, பக்கத்துப் படுக்கை பிரபாவதிக்கு ஒரு பை. இரண்டு மருந்தும் பச்சைத் தண்ணீர் போலத்தான் இருக்கும். மனசுக்குள் இன்ஜினியரோடு சண்டை போட்டுக்கொண்டே கலந்தார், லேபிளை ஒட்டினார், ஒன்றை அம்மணிக்கு என்று ஜெசிந்தாவிடம் கொடுத்தனுப்பினார்.

ஜெசிந்தா பையைத் தொங்கவிடும் முன் கையடக்க ஸ்கேனரை அம்மணியின் கைப்பட்டையில் காட்டினாள், பிறகு பையில் காட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. பையின் பார்கோடு பிரபாவதியுடையது.

இரண்டு பைகளும் குப்பைக்குப் போயின. லேபிள் மட்டும் மாறியதா, உள்ளே மருந்தும் மாறியதா என்று அடித்துச் சொல்ல வேங்கடேசனாலேயே முடியவில்லை. எந்திரத்தின் முன்னால் போய் நின்று, வேறு வழி தெரியாமல், இன்ஜினியர் சொன்னபடி கண்ணாடியைத் துடைத்தார். பஞ்சில் சந்தனம் வந்தது. கண்ணாடியில் காய்ந்து ஒட்டியிருந்த மிச்சத்தில் அவருடைய கட்டைவிரல் ரேகை அச்சாகப் பதிந்திருந்தது. அட மடையா என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டார். இத்தனை படிப்பும் படித்து, சாமி கும்பிடுகிறேன் என்று எந்திரத்தின் கண்ணைக் குருடாக்கிய ஒரே மருந்தாளர் இந்த ஜில்லாவில் அவராகத்தான் இருக்கும்.

மிச்சத்தையும் துடைத்ததும் எந்திரம் உடனே லேபிளைப் படித்தது. கலக்கச் சொல்லி விட்டுவிட்டு, அவர் அம்மணியிடம் போனார். தாமதத்துக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே.

"மிசினு எதனா தப்பு பண்ணிக்கிச்சா தம்பி?" என்று அம்மணியே கேட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்தது. ஜெசிந்தா பக்கத்தில் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"இல்லம்மா. மிசினு நல்லாத்தான் இருக்குது. நான்தான் கையால கலந்து, வேற ஒருத்தர் பேரு ஒட்டின பைய உங்களுக்கு அனுப்பிட்டேன். ஏத்துறதுக்கு முன்னாடியே இவங்க பிடிச்சிட்டாங்க."

அம்மணி ஊசி ஏறியிருந்த தன் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திட்டுவார் என்று வேங்கடேசன் காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"இப்ப யாரு கலக்கினு இருக்கிறது?"

"மிசினுதாம்மா."

"அப்ப சரி" என்று அம்மணி தலையணையில் சாய்ந்தார். "அது முடிக்கிற வரைக்கும் நீ இங்கயே குந்திக்கினு இரு தம்பி. அங்க போவாத."

வேங்கடேசன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.